வழிகாட்டி பேட்ஜ்

காலண்டர் அட்டையின் மேல் ஓரத்தில் ஊசி குத்தியிருக்கிறது, ஊசிக் காதில் பச்சை நூல், ஒரு முழ நீளம், நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறது, மதுரை பாசஞ்சர் வரும்போது சுவர் அதிர்ந்து நூல் ஆடுகிறது, வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நிற்கிறது, அதற்குக் கீழே தேதித் தாளை வல்லி அக்கா தினமும் காலையில் கிழிக்கிறாள், கிழித்ததை அடுப்பில் போடுகிறாள், ஊசியை மட்டும் தொடுவதில்லை, இது எதுக்குக்கா என்று கேட்டேன், உன் பேட்ஜ் வந்தா தைக்கணும்ல, அன்னைக்குப் போயி நூலத் தேடிக்கிட்டிருக்க முடியுமா என்றாள், பேட்ஜ் இன்னும் வரவில்லை, தேர்வே நடக்கவில்லை, எனக்குப் பதினான்கு வயது, இல்லை, எனக்கு அறுபத்தாறு வயது, சாரணர் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் பச்சைத் துணி ஒட்டிய பலகை, அதில் வரிசையாகப் பேட்ஜ்கள், சமையல், நீச்சல், முதலுதவி, தீயணைப்பு, சைக்கிள், மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, சங்கச் செயலாளர் கலைமதி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, வழிகாட்டி மட்டும் கிடைக்கவே இல்ல சார், உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க என்கிறார், பேட்ஜ்களின் வரலாற்றை எழுதச் சொல்லி என்னிடம் கேட்டவரும் அவர்தான், சங்கத்துக்கு ஆண்டு விழா, கண்காட்சி, ஒவ்வொரு பேட்ஜுக்கும் கீழே நான்கு வரி வேண்டும், எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பேட்ஜையும் கொண்டுவந்திருக்கிறேன், சட்டைப் பையில் இருக்கிறது, எடுக்கவில்லை.

வரலாறு சிக்கலானதில்லை. தொடக்கத்தில் சில பேட்ஜ்கள்தான் இருந்தன, துணியில் நூலால் போட்ட சிறு வட்டங்கள், பிறகு பெருகின, இங்கே பல சங்கங்களாகக் கிடந்த சாரணர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டில் ஒரே சங்கமானார்கள், சின்னம் மாறியது, துணியின் நிறம் மாறியது, ஒன்று மட்டும் மாறவில்லை, பேட்ஜ் என்பது பரிசாகக் கருதப்படவில்லை, அது ஊருக்கு ஓர் அறிவிப்பு, இந்தப் பையனை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், இந்த வேலை இவனுக்குத் தெரியும் என்று சட்டைக் கை சொல்ல வேண்டும், வழிகாட்டி பழைய பேட்ஜ்களில் ஒன்று, இரண்டு மைல் சுற்றளவில் ஒவ்வொரு சந்தும் குறுக்குப் பாதையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், டாக்டர் வீடு, தபாலாபீஸ், தீயணைப்பு நிலையம், கேட்டவுடன் சொல்ல வேண்டும், பகலோ இரவோ அந்நியருக்கு வழி காட்டக்கூடியவனாக இருக்க வேண்டும், இதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன், வல்லி அக்காவிடம் ஒப்பித்தேன், பகலோ இரவோ என்று சொல்லும்போது அவள் கூடவே சொன்னாள். எங்கள் ரயில்வே காலனிக்கு வெளியே, கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் பச்சைக் கதவு போட்ட தனி ஓட்டு வீடு, அவளும் அவளைக் கட்டிக்கொண்ட இருளப்பன் அண்ணனும் மட்டும், அண்ணன் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், அம்மா அவர்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள், அப்படித்தான் போய்ப் பழகினேன், அவுங்க எந்த ஊரும்மா என்று கேட்டதற்கு, கமுதிக்கு அங்கிட்டு, எந்த ஊர்னு கேக்கவும் கேக்காத, சொல்லவும் சொல்லாத, அது பெரிய வீட்டுப் பிள்ள, இவன் அவுக காட்டுல வேலை பாத்தவன் மகன், அவ அண்ணனுக கண்டுபிடிச்சா உசுரோட விடமாட்டானுக என்றாள் அம்மா, பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள்.

அவள் வெளியே வருவதில்லை, ஓர் இரவில் ரயிலிலிருந்து இறங்கி நேராக அந்த வீட்டுக்குள் போனவள், ஊரைப் பார்த்ததே இல்லை, நான் தேர்வுக்கான ஊர்ப் படம் வரைவதற்காகத் தப்படி எண்ணிக்கொண்டு தெருத் தெருவாக நடந்துவிட்டு வந்து அவளிடம் சொல்வேன், ரயில்வே கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு நூற்று நாற்பது தப்படி, அங்கிருந்து ஆற்றுக்கு இருநூற்றுப் பத்து, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், ஆத்துல தண்ணி கெடக்கா என்பாள், வைகையில ஏதுக்கா தண்ணி, மணல்தான், மாடு படுத்திருக்கு என்பேன், சிரிப்பாள். பிறகு விளையாட்டு, அண்ணனின் துண்டை எடுத்துத் தலையில் முண்டாசு கட்டிக்கொள்வாள், தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, ஏ தம்பி, நான் வெளியூரு, இங்க டாக்டரு வீடு எங்கிட்டு இருக்கு என்பாள், நான் விறைப்பாக நின்று மூன்று விரலால் சல்யூட் அடித்துச் சொல்ல வேண்டும், திக்கினால், ஃபெயிலு, பேட்ஜு கெடையாது போ என்று துண்டால் தலையில் அடிப்பாள். சாரணர் பையன்களிடையே அப்போது ஒரு பேச்சு உண்டு, வழிகாட்டித் தேர்வுக்கு வருகிற ஆள் தன்னை யார் என்று சொல்லமாட்டார், என்றைக்கு வருவார் என்றும் சொல்லமாட்டார், வெளியூர்க்காரர் மாதிரி தெருவில் நிறுத்தி வழி கேட்பார், பதிலுக்கு மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று, எங்கள் ஸ்கவுட் மாஸ்டர் தேவசகாயம் சாரிடம் கேட்டால் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார், மீசைக்குள் சிரிப்பார், வல்லி அக்கா அதை முழுதாக நம்பினாள், எப்ப வேணா வருவாங்கடா, அசந்துராத, ஆளப் பாத்து முழிக்காத, டக்குனு சொல்லணும் என்றாள். படம் முடிகிற நாளில் ஒன்று கேட்டாள், முண்டாசு கட்டாமல், தன் குரலிலேயே கேட்டாள், இந்த வீட்ட மட்டும் அதுல போடாதடா, சரிக்கா என்றேன், சத்தியமா என்றாள், ஸ்கவுட் சொன்னா சொன்னதுதான்கா என்றேன்.

அதனால் படத்தில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக விட்டேன், தேவசகாயம் சார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எல்லாம் சரி, இங்க என்னடா வெள்ளையா விட்டிருக்க, சமுத்திரமா என்றார், பையன்கள் சிரித்தார்கள், ஒண்ணுமில்ல சார், முள்ளுக்காடு என்றேன், சாரணன் சொல்லக்கூடாத பொய்யை அன்றுதான் முதலில் சொன்னேன், காது சுட்டது, வழிகாட்டிக்குத் தெரியாத எடம்னு ஒண்ணு இருக்கக்கூடாதுடா, அதத்தான் கேப்பாங்க பாரு என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக் கொடுத்தார், அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்தது, சாப்பிடும்போது இருந்தது, அதத்தான் கேப்பாங்க பாரு. வல்லி அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்று ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்கா, சார் வெள்ளை இடத்தப் பாத்துட்டாரு, அதக் கேட்டா என்னக்கா சொல்றது, அவ்வளவுதான், ஒரு கேள்வி, அதைக் கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை, மதியம் மூன்று மணி, பரேடு முடிந்து சீருடையோடு வருகிறேன், கழுத்தில் ஸ்கார்ஃப், லெவல் கிராசிங் கேட் பக்கத்தில் சாம்பல் நிற அம்பாசிடர் நிற்கிறது, உள்ளே டிரைவர் தவிர மூன்று பேர், முன் சீட்டில் மூக்குக் கண்ணாடி போட்டவர், சட்டைப் பையில் பேனா, மடியில் ஒரு நோட்டு, பின்னால் இரண்டு பேர், ஒருவர் தலையில் முண்டாசு கட்டியிருந்தார், எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், கண்ணாடிக்காரர் என் ஸ்கார்ஃபைப் பார்த்தார், தம்பி ஸ்கவுட்டா, நல்லது, ஊரெல்லாம் தெரியுமா என்றார், தெரியும் சார், ரெண்டு மைலுக்குத் தெரியும் என்றேன், அப்படியா, அப்ப பாயிண்ட்ஸ்மேன் இருளப்பன் வீடு எங்கிட்டு இருக்கு சொல்லு பாப்பம் என்றார். சொல்லு பாப்பம் என்றார், தேர்வு வைப்பவர்தான் அப்படிக் கேட்பார், டாக்டரைக் கேட்கவில்லை, தபாலாபீஸைக் கேட்கவில்லை, சார் சொன்ன மாதிரியே வெள்ளை இடத்தைக் கேட்கிறார், வல்லி அக்காவின் முகம் வந்தது, வந்த முகம் என்னைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, அசந்துராத, ஆளப் பாத்து முழிக்காத, டக்குனு சொல்லு என்றது, படத்தில் போடமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், படத்தில் போடவில்லை, சல்யூட் அடித்தேன், சொன்னேன். நன்றாகச் சொன்னேன், கேட்டதற்கு மேலேயே சொன்னேன், ரோட்டு வழியா போனா காலனி வாசல்ல எல்லாரும் நிறுத்தி யாரு எவருன்னு விசாரிப்பாங்க சார், கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால முள்வேலியில ஒரு ஓட்டை இருக்கு, நடந்து போனா அஞ்சே நிமிசம், காரை மண்ரோட்டுல கொண்டுபோய் நிறுத்தலாம், யாரும் வரமாட்டாங்க என்றேன், கண்ணாடிக்காரர் பின்னால் திரும்பி முண்டாசுக்காரரைப் பார்த்தார், கெட்டிக்காரப் பய என்றார், கார்ல ஏறுப்பா என்றார், ஏறவில்லை, சாரணன் முன்னால் நடந்துதான் வழி காட்ட வேண்டும், நடந்தேன், அவர்கள் இறங்கி என் பின்னால் வந்தார்கள், வேலிக்கு முன்னால் நின்று கையை நீட்டினேன், அந்த வேப்ப மரம், பச்சைக் கதவு, எழுபது தப்படி. முண்டாசுக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு கமலா ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார், ஸ்கவுட் எதுவும் வாங்கக்கூடாதுங்க என்றேன், அவர் ஆரஞ்சைப் பைக்குள் போட்டுக்கொண்டார், அவருக்கு வல்லி அக்காவின் மூக்கு, இது இப்போது தெரிகிறது, அப்போது மூக்கைப் பார்த்தேன், தெரியவில்லை.

நன்றிக்காகக் காத்து நிற்கக்கூடாது என்பது விதி, திரும்பிவிட்டேன், வந்த வழியைச் சரிபார்க்க எண்ணிக்கொண்டே நடந்தேன், தொண்ணூற்று ஆறாவது தப்படியில் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது, எண்ணிக்கை விட்டுப்போகும் என்று நிற்கவில்லை, தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டு. இரவு டைரி எழுதினேன், இன்றைய நற்செயல், வெளியூர்க்காரர் மூவருக்கு வழி காட்டினேன், வல்லி அக்காவிடம் ஓடிப்போய்ப் பாஸ் என்று சொல்ல நினைத்தேன், சார் வாயால் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை சார் வீட்டுக்குப் போனேன், சார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டைரியைப் படித்தார், சிவப்பு மையில் டிக் அடித்து மிக நன்று என்று எழுதினார், அவங்கதானே சார் டெஸ்ட் என்றேன், எவங்கடா என்றார், கார்ல வந்தவங்க சார், கண்ணாடி போட்டவரு என்றேன், நான் யாரையும் வரச் சொல்லலயே, எக்ஸாமினருக்கு இன்னும் லெட்டரே போடலடா என்றார், சிவப்பு மை காயவில்லை, டைரியை மூடிக்கொண்டு ஓடினேன், மூடியதில் மிக நன்று எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, ஒன்று நேராக, ஒன்று திருப்பிப்போட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்றார்கள், சனி மதியம் டபுள் டூட்டிக்குப் போன இருளப்பன் அண்ணன் அப்போதுதான் திரும்பியிருக்கிறார், வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், கையில் பச்சைக் கொடி சுருட்டியபடி இருந்தது, உள்ளே அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகிக் கிடந்தது, ஒரு சொம்பு சுவர் ஓரம் உருண்டு கிடந்தது, காலண்டரில் சனிக்கிழமை அப்படியே இருந்தது, ஊசியும் இருந்தது. அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார், குடும்ப விவகாரம், பொண்ண அவ அண்ணன்காரன் கூட்டிட்டுப் போனா நாங்க என்ன செய்யிறது, நீங்களே பேசிக்குங்க என்று சொன்னார்களாம், அவர் அவளுடைய ஊருக்குப் போனார், எல்லையிலேயே அடித்துத் திருப்பி அனுப்பினார்கள், ஒன்பதாவது நாள் ராமேஸ்வரம் வண்டி கார்டு ஒருவர் சேதி கொண்டுவந்தார், வல்லி அக்காவுக்கு வாந்திபேதி என்று சொன்னார்களாம், அன்றைக்கே எரித்துவிட்டார்களாம், காலனியில் யாரும் வாந்திபேதி என்ற சொல்லை நம்பவில்லை, யாரும் வேறு சொல்லைச் சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் இருளப்பன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார், அம்மா தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை, என்னைப் பார்த்து, நீ இந்தப் பக்கமெல்லாம் சுத்துற பய, எவனாச்சும் வந்து வழி கேட்டானாடா என்றார், இல்லண்ணே என்றேன், முள்வேலி ஓட்ட வழியா வந்திருக்கானுக, காலனிக்காரன் ஒருத்தனும் பாக்கல, அந்த வழி வெளியூருக்காரனுக்கு எப்பிடிடா தெரியும் என்றார், அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு செம்பைப் பார்த்தாள், அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா என்னிடம் வல்லி அக்காவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பொய்களை எண்ணினால் இரண்டுதான், முள்ளுக்காடு என்றது ஒன்று, இல்லண்ணே என்றது ஒன்று, முதல் பொய்யைச் சொன்னதற்காக இரண்டு வாரம் வருந்தினேன், அதையே அந்தக் கார்க்காரர்களிடமும் சொல்லியிருந்தால் போதும், முள்ளுக்காடுங்க, அங்க ஒண்ணுமில்ல, கார் திரும்பிப் போயிருக்கும், வேறு யாரையாவது கேட்டிருக்கும், யாராவது வாய் தவறிச் சொல்லியிருக்கவும் கூடும், ஆனால் ரோட்டு வழியாக வந்திருப்பார்கள், காலனி வாசலில் நிறுத்தி விசாரித்திருப்பார்கள், ஒரு பெண் கத்தியிருப்பாள், ஒருவர் அண்ணனைக் கூப்பிட ரயில்வே கேபினுக்கு ஓடியிருப்பார்.

அண்ணன் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், வீட்டைக் காலி செய்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார், சாமான்களெல்லாம் வெளியே கிடந்தன, காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்தார், அட்டையிலிருந்து ஊசியை உருவினார், நூலை ஊசியில் சுற்றி என் உள்ளங்கையில் வைத்தார், உனக்குன்னு வச்சிருந்தா என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை, தெரிந்துதான் பார்க்கவில்லையா, தெரியாமலா, இதற்குப் பதில் தெரிந்தவர் எந்த ஸ்டேஷனில் ஓய்வு பெற்றார் என்றுகூட நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கக் கால் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து எக்ஸாமினர் வந்தார், பள்ளியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, தபாலாபீஸ் எங்கப்பா இருக்கு என்று கேட்டார், சொன்னேன், ரொம்பச் சரி என்று கையெழுத்துப் போட்டார், ஆறாம் நிமிடம் அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள். கொடியேற்றத்தன்று தேவசகாயம் சார் பேட்ஜை என் கையில் வைத்து, சாரணர் வழக்கப்படி இடது கையால் கை குலுக்கினார், பையன்கள் கை தட்டினார்கள், அவர் என் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார், அவருக்கும் தெரியும், டிக் அடித்தவர் அவர்தான். அடுத்த சனிக்கிழமை பரேடுக்கு நான் போகவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை, யாரும் கூப்பிட்டு விடவில்லை.

சார் என்கிறார் கலைமதி, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், புதுசு மாதிரி இருக்கே சார், மத்ததுல எல்லாம் ஓரத்துல ஊசித் தடம் இருக்கு, இது தைக்கவே இல்லையா என்கிறார், நூல் இல்லம்மா என்கிறேன், இதுக்கு நூல் இல்லாமப் போச்சா என்று சிரித்துக்கொண்டே அதைக் காலியிடத்தில் குத்துகிறார், பேட்ஜோடு நான் கொண்டுவந்த ஊர்ப் படத்தை விரிக்கிறார், மஞ்சளாகிப்போன தாள், கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் அவர் விரல் நிற்கிறது, இங்க என்ன சார் விட்டுப்போச்சா, ஒண்ணுமில்லம்மா, முள்ளுக்காடு என்கிறேன், என் குரல் நடுங்கவில்லை, நான் எழுதிய நான்கு வரியை அவர் சத்தமாகப் படிக்கிறார், இது பழைய பேட்ஜ்களில் ஒன்று, பகலோ இரவோ அந்நியருக்கு வழி காட்டத் தெரிந்தவனுக்கு உரியது, முற்காலத்தில் இதைப் பெற்றவர்கள் ஆண்டுதோறும் மறுபடி தேர்வில் தேறிப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது, அடடே, வருசா வருசமா, நல்லவேளை இப்ப இல்ல என்கிறார், ஆமாம்மா என்கிறேன். ஊசி என் வீட்டில் இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் புது காலண்டர் மாட்டும்போது பழைய அட்டையிலிருந்து உருவிப் புது அட்டையில் குத்துகிறேன், இதுவரை ஐம்பத்திரண்டு அட்டை, நூல் வெளுத்துப் பச்சை என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்துவிட்டது, முடிச்சு இன்னும் இறுக்கமாக இருக்கிறது, தேர்வும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது, எந்த நாள் என்று சொல்லாமல்தான் நடக்கிறது, நான் கண்ணை மூடுகிறேன், பாசஞ்சர் வருகிறது, சுவர் அதிர்கிறது, பச்சைக் கதவு திறந்திருக்கிறது, முண்டாசு கட்டிய ஆள் எனக்கு முன்னால் நிற்கிறார், தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, ஏ தம்பி, நான் வெளியூரு, பாயிண்ட்ஸ்மேன் இருளப்பன் வீடு எங்கிட்டு இருக்கு, சொல்லு பாப்பம் என்கிறார், நான் விறைப்பாக நிற்கிறேன், சல்யூட் அடிக்கிறேன், தெரியாதுங்க என்கிறேன், என்னது, ரெண்டு மைலுக்குத் தெரியும்ன, தெரியாதுங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுடா, தெரியாதுங்க, இந்த ஊர்ல அப்படி ஒரு வீடே இல்லீங்க. ஃபெயிலு, பேட்ஜு கெடையாது போ என்று வல்லி அக்கா துண்டை அவிழ்த்து என் தலையில் அடிக்கிறாள், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறுகிறது, பிறகு காலண்டர் அட்டையிலிருந்து ஊசியை உருவுகிறாள், இனி இது எதுக்கு என்று சொல்லி, அண்ணனின் காக்கிச் சட்டையை மடியில் விரித்து, அறுந்துபோன பித்தானை அந்தப் பச்சை நூலால் தைக்கத் தொடங்குகிறாள், தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள், எழுந்துபோய்ச் சனிக்கிழமைத் தாளைக் கிழிக்கிறாள்.